வரப்பில் இருப்பது மண்ணாங்கட்டியா, மடையானா?

வாசகர் கேள்வி – பதில்

உருமறைப்பு பற்றி டெல்டா வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

உட்கார்ந்திருக்கும்போது சாணி நிறத்தில் இருக்கும் மடையான், கிளம்பியதும் பால்வெள்ளையாகிவிடுகிறதே. அந்த வெள்ளை அதுவரை எங்கே இருந்தது?
– வாசகர், மன்னார்குடி

இறக்கையில்தான். மடையானுக்கு இறக்கை, வால், அடிவயிறு எல்லாமே வெள்ளை. முதுகும் தோளும்தான் மங்கிய பழுப்பு. இறக்கையை மடக்கியதும் தோளிலிருந்து சரியும் பழுப்புச் சிறகுகள் வெள்ளை முழுவதையும் மூடிவிடும். கழுத்திலும் மார்பிலும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஓடும். அறுப்பு முடிந்த வயலில் நின்றால் அந்தக் கோடுகளும் தாள்களின் நிழலும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

நிறம் செய்வது பாதி வேலை. கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, கூனிக் குறுகி, அசையாமல் நிற்பது மீதி வேலை. கொக்கு என்றதும் நம் மனதில் வருவது நீண்ட கழுத்து. அந்த வளைவே தெரியாவிட்டால் கண் தாண்டிப் போய்விடுகிறது. மிக அருகில் போகும்வரை கிளம்பாததால் இதற்குக் ‘குருட்டுக் கொக்கு’ என்றும் பெயர். உண்மையில் நம்மை அது வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பார்க்காதது நாம்தான்.

பறக்கும்போது பளிச்சென்று தெரிவதிலும் அதற்கு லாபம் உண்டு என்பார்கள். துரத்துகிறவன் கண்ணில் வெள்ளை பதிந்துவிடும். அடுத்த வரப்பில் இறங்கி இறக்கையை மடக்கிய நொடியில் வெள்ளை காணாமல் போகும். துரத்தி வந்தவன் இல்லாத வெள்ளையைத் தேடிக்கொண்டிருப்பான். வெளுத்த அடிவயிறோ, தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு வானத்தோடு வானமாகத் தெரியும்.

மடையானைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் உடம்பைத் தேடாமல் அலகைத் தேடுங்கள். மஞ்சளாக, நுனி கறுத்து, படுக்கைவசத்தில் நேர்க்கோடாக இருக்கும். காய்ந்த வயலில் அப்படி ஒரு நேர்க்கோடு வேறு எதிலும் அவ்வளவாகக் கிடையாது. நிழல் நீண்டு விழும் காலை வெயில் இதற்கு நல்ல நேரம். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகி ஆளே மாறிவிடும். அப்போது அது மறைவதைவிடத் துணையின் கண்ணில் படுவதையே விரும்பும்.

தொட்டிக் கருவேப்பிலைச் செடியில் அடிக்கடி குருவி எச்சம் விழுகிறது. தண்ணீர் தெளித்தாலும் போவதில்லை. பத்து நாளில் இலையெல்லாம் காணாமல் போகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

உண்டு. நீங்கள் எச்சம் என்று நினைத்ததுதான் இலையைத் தின்றது. எலுமிச்சை, நார்த்தை, கருவேப்பிலை மூன்றிலும் வளரும் வண்ணத்துப்பூச்சிகளின் புழு அது. கறுப்பும் வெள்ளையும் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சி தோட்டத்தில் சுற்றுகிறது என்றால், கொழுந்தில் முட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை. மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும்.

பொரிந்த புழு கரும்பழுப்பில், நடுவே வெள்ளைத் திட்டோடு, ஈரம் காயாத எச்சம் போலப் பளபளக்கும். பகலெல்லாம் இலையின் மேல்பக்கத்திலேயே கிடக்கும். ஒளிய வேண்டிய அவசியம் அதற்கில்லை, எச்சத்தை எந்தக் குருவியும் கொத்தப்போவதில்லை. ஆனால் இந்த வேஷம் சின்ன உருவத்துக்குத்தான் பொருந்தும். ஒன்றரை அங்குல நீளத்தில் எச்சம் போட இந்த ஊரில் குருவி ஏது? அதனால் நான்காவது முறை தோலுரித்ததும் புழு பச்சை நிறத்துக்கு மாறி, உடம்பில் சாய்வாகப் பழுப்புப் பட்டைகளோடு காம்பில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடைசிப் பருவத்தில்தான் இலை வேகமாகக் காலியாகும். நீங்கள் பத்தாவது நாள் கண்டது அதைத்தான்.

சோதிப்பது சுலபம். ஈர்க்குச்சியால் லேசாகத் தொடுங்கள். எச்சம் என்றால் ஈஷிக்கொள்ளும். புழு என்றால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற இரட்டைக் கொம்பை நீட்டி, எலுமிச்சை அழுகினாற்போல ஒரு வாடையை விடும். பயப்பட வேண்டாம், கொட்டாது.

இரண்டு மூன்றடிச் செடியை மொட்டையாக்க ஐந்தாறு புழு போதும். கொழுந்து விடும் நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் இலையின் மேல்புறத்தைப் பார்த்து, எச்சமாக இருக்கும்போதே இலையோடு கிள்ளிவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயை முதலில் சில துளி சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கி, பிறகு தண்ணீரில் விட வேண்டும். நேரே ஊற்றினால் எண்ணெய் மிதக்கும். தெளிக்கும்போது முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வந்து கொழுந்து கருகும். வெயில் தாழ்ந்த பிறகே தெளியுங்கள். ஒரு வாரம் அந்த இலையைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம். மரமாக வளர்ந்துவிட்ட கருவேப்பிலைக்கு இதெல்லாம் வீண் வேலை, அது தானே துளிர்த்துக்கொள்ளும்.

புழு கூட்டுப்புழுவாகும்போது பச்சைத் தண்டில் தொங்கினால் பெரும்பாலும் பச்சையாகவும், சொரசொரப்பான காய்ந்த குச்சியில் தொங்கினால் பழுப்பாகவும் அமையும். எறிவதற்கு முன் ஒன்றை மட்டும் விட்டுவைத்துப் பாருங்கள்.

பட்டாளத்துக்காரர் பேன்ட் மாதிரி பூப்போட்ட கால்சட்டை சந்தையில் விற்கிறார்கள். வயல் வேலைக்குப் போட்டுக்கொண்டால் குற்றமா?
– வாசகர், பாபநாசம்

ராணுவத்தினர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அவர்கள் உடையைப் போன்றதை அணிவதுதான் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 140-ஆவது பிரிவு. நாற்று பறிக்கப் போகிறவருக்கு அந்த நோக்கம் இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் 2022 ஜனவரி 15 அன்று ராணுவம் அறிமுகம் செய்த புதிய கட்டம்கட்டமான அச்சை அப்படியே நகலெடுத்த துணியைத் தவிர்ப்பது நல்லது. சேறு தெரியாமல் இருக்கத்தான் வேண்டுமென்றால் காக்கியே போதும். ‘காக்’ என்றால் பாரசீகத்தில் புழுதி. 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய படைதான் முதலில் புழுதி நிறத்துக்கு மாறியது. சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய் வறண்ட மலையடிவாரத்தில் எவ்வளவு தூரத்துக்குத் தெரிவான் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

வைக்கோல் போரில் கண்ணாடி விரியன் கிடந்தால் கண்ணுக்கே தெரிவதில்லை. எப்படிப் பார்த்து வைக்கோலைப் பிடுங்குவது? மண்ணுளியும் அதே மாதிரி இருக்கிறதே?
– வாசகர், ஒரத்தநாடு

கண்ணாடி விரியனின் முதுகில் மூன்று வரிசை வட்டங்கள் சங்கிலி மாதிரி ஓடும். கரும்பழுப்பு வட்டம், அதைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு, அதற்கு வெளியே பல இடங்களில் மெல்லிய வெள்ளை. தனியாகத் தரையில் கண்டால் இவ்வளவு எடுப்பான பாம்பு வேறில்லை. ஆனால் சருகிலும் வைக்கோலிலும் அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சருகாகவும் நிழலாகவும் பிரிந்துவிடும். உடம்பின் ஓரம் எது என்றே கண் கூட்டிச்சேர்க்க முடியாது. இந்தப் பாம்பு மறைவை நம்பி அப்படியே கிடக்கும், விலகி ஓடாது. ஆபத்தே அதில்தான்.

நிறத்தை ஏமாற்ற முடியும், நிழலை ஏமாற்றுவது கஷ்டம். இருட்டில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் பொருளின் நிழல் அதன் பின்னாலேயே விழுந்து எல்லாம் தட்டையாகத் தெரியும். கையைத் தொங்கவிட்டு முழங்கால் உயரத்தில் சாய்வாக அடியுங்கள். வைக்கோலின் நிழல் மெல்லிய கீற்றாக விழும். பாம்பின் உடம்பு தடித்த ஒரே நிழலாக விழும்.

போரில் வைக்கோலை மேலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் நீளக் கவைக்கம்பால். அடியில் கைவிட்டு உருவுவது கடியை வரவழைப்பது. இயந்திரம் உருட்டிய கட்டாக இருந்தால் முதலில் கம்பால் உங்கள் பக்கமாகப் புரட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் பாம்பு இல்லை என்று பார்த்த பிறகே தூக்குங்கள். குக்கர் விசிலுக்கு முன்னால் வரும் இரைச்சல் போன்ற சீறல் கேட்டால் நின்ற இடத்திலேயே நின்று, சத்தம் வரும் திசை தெரிந்த பின் பின்வாங்குங்கள். போரைக் களத்து மேட்டில், தரையிலிருந்து ஓரடி உயர்த்திக் கம்பு பரப்பி அதன்மேல் போட்டால் அடியில் எலி தங்குவது குறையும். எலி இல்லாத இடத்தில் விரியனுக்கு வேலையில்லை.

மண்ணுளியில் சொரசொரப்பான செதிலுள்ள வகைதான் விரியன் போலத் திட்டுத்திட்டாக இருக்கும். அதன் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வால் கட்டையாக முடியும். தலை கழுத்தோடு ஒட்டியே இருக்கும். விரியனுக்குத் தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். ஆனால் இதையெல்லாம் பத்தடிக்கு அப்பால் நின்று பாருங்கள். சந்தேகம் வந்தால் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் ஒரு மட்டை வைத்துக் கட்டி, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த விஷம் ரத்தத்தை உறையவிடாது. அதனால்தான் அங்கே 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். ‘சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள்’ என்று சண்டை போட வேண்டாம், அதுதான் பரிசோதனை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறி மருந்துதான். எனவே பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகவும் தேவையில்லை.

ஓணான் பச்சோந்தி மாதிரி நிறம் மாறுவது நம்மைப் பார்த்துத்தானே? கழுத்து சிவந்தால் தூரத்திலிருந்தே ரத்தம் உறிஞ்சுகிறது என்கிறாள் ஆத்தா.
– பள்ளி மாணவி, திருவாரூர்

ஆத்தாவிடம் ரத்தம் ஒரு சொட்டும் போகவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஆண் ஓணானுக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் சிவக்கும், கன்னத்தில் கறுப்பு ஏறும். வேலியில் இன்னொரு ஆணைப் பார்த்து ‘இது என் இடம்’ என்று சொல்லும் நிறம் அது. தோற்றுப்போனால் சில நிமிடத்தில் வெளுத்துவிடும். அது மறைய நினைக்கும்போது நிறத்தைப் பெரிதாக நம்புவதில்லை. மரப்பட்டையோடு ஒட்டி, நீங்கள் நகர நகரத் தண்டின் மறுபக்கத்துக்குச் சுற்றிப் போய்விடும். ஒரு தென்னையைச் சுற்றி வந்து பாருங்கள், அதுவும் சுற்றும்.

பச்சோந்தி வேறு. இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும், பாதம் இடுக்கி போலக் கிளையைப் பிடிக்கும், வால் சுருளும். சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும் என்பது கதை. வெப்பம், வெளிச்சம், கோபம், பயம் இவைதான் அதன் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மடகாஸ்கர் பச்சோந்தி வகை ஒன்றை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015-இல் காரணத்தையும் காட்டினார்கள். தோலில் சாயம் மட்டுமல்ல, மிக நுண்ணிய படிகங்களும் இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். அதோடு தோலின் மஞ்சள் சேர்ந்து நமக்குப் பச்சை. சினம் வந்தால் படிகங்கள் விலகி, மஞ்சளும் சிவப்பும் திரும்பி வரும்.

கணவாய்க்கு நிறமே தெரியாது என்று படித்தேன். பிறகு எப்படித் தரையின் நிறத்துக்கு மாறுகிறது?
– வாசகர், நாகப்பட்டினம்

அதன் கண்ணில் ஒளியுணரும் நிறமி ஒரு வகைதான். ஆகவே நம்மைப் போல நிறம் பிரித்தறியாது என்பதே பொதுவான கருத்து. வெளிச்சம், இருட்டு, திட்டு, கோடு, மேடுபள்ளம் இவற்றைப் படித்துக்கொண்டு அதற்கேற்ற கோலத்தைத் தோலில் போடுகிறது. தோல் நிறைய சாயப் பைகள். ஒவ்வொரு பையையும் சுற்றித் தசைநார்கள். தசை இழுத்தால் பை விரிந்து புள்ளி பெரிதாகும், விட்டால் ஊசிமுனையாகச் சுருங்கும். கட்டளை நரம்பு வழியாக நேரே மூளையிலிருந்து வருவதால் ஒரு நொடிகூட ஆகாது. பச்சோந்தி இதற்கு முன்னால் ஆமை.

படகிலிருந்து இறக்கிய கணவாயின் தோலை உற்றுப் பாருங்கள். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் புதுச் சரக்கு. சாயம் கசிந்து சதை இளஞ்சிவப்பாகிவிட்டதென்றால் விலை குறைத்துக் கேட்காமல் அடுத்த கூடைக்குப் போய்விடுங்கள். ஓட்டுக்கணவாயின் ஓட்டைத்தான் நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்கள்.

கோடியக்கரைப் பூநாரை அவ்வளவு வெளிச்சமாக நிற்கிறதே, அதற்கும் உருமறைப்பு உண்டா?
– வாசகி, வேதாரண்யம்

உண்டு என்று ஒருவர் சாதித்தார். அபட் தேயர், அமெரிக்க ஓவியர். வெயில் மேலிருந்து விழும்போது முதுகு வெளுத்தும் வயிறு நிழலில் கறுத்தும் தெரியும். விலங்கின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, உருண்டை தட்டையாகிவிடும் என்று 1896-இல் எழுதினார். விராலையும் கெண்டையையும் திருப்பிப் பார்த்தால் இது புரியும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதோடு நிற்கவில்லை. மகன் ஜெரால்டின் பெயரில் 1909-இல் வந்த நூலில், உலகத்தில் எல்லா விலங்கின் நிறமும் மறைவதற்கே என்றார். பூநாரையின் இளஞ்சிவப்பு விடியலிலும் அந்தியிலும் வானத்தோடு கலப்பதற்காம். முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1911-இல் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்துவிட்டார். அந்தியில் மேற்கே நிற்கும் பறவை வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பாகத்தான் தெரியும், உங்கள் ஊர் உப்பளத்து ஓரத்தில் நின்று பார்த்தாலே போதும். பூநாரையின் சிவப்பு அது தின்னும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமியிலிருந்து வருவது.

மறைவதற்கு அங்கே நல்ல உதாரணம் வெளிமான்தான். பெண்ணும் குட்டியும் காய்ந்த புல்லின் நிறம். பிறந்த குட்டி சில நாட்கள் புல்லுக்குள் அசையாமல் படுத்தே கிடக்கும். முதிர்ந்த ஆண் மட்டும் கறுத்துப்போய் வெட்டவெளியில் நிற்கும். அதற்கு மறைவைவிட மிடுக்கு முக்கியம்.

உளுந்து எடுத்த பிறகு கோடை உழவு ஓட்டும்போது ஆள்காட்டி முட்டை டிராக்டரில் அடிபடுகிறது. காப்பாற்ற வழி உண்டா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

ஆள்காட்டி கூடு கட்டாது. லேசான குழியில், சுற்றிச் சிறு கற்களோ மண்கட்டிகளோ வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். கூர்முனை நான்கும் உள்நோக்கி இருக்கும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டு. காய்ந்து வெடித்த களிமண்ணில் இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது.

பறவையே வழி காட்டும். தலைக்கு மேல் பாய்ந்து கத்தும் இடத்தில் முட்டையைத் தேடாதீர்கள், அது திசைதிருப்பும் வேலை. வரப்பு ஓரத்துக்குப் போய் அசையாமல் கால் மணி நேரம் உட்காருங்கள். கத்தல் அடங்கி, தாய் நின்று நின்று நடந்து போய் எங்கே உட்காருகிறதோ அங்கேதான். அந்த இடத்தின் இரு பக்கமும் ஆறடி தள்ளி ஒவ்வொரு குச்சி நட்டு, ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள். சிவப்புத் துணி கட்டுவது, முள் வைத்து வேலி போடுவது இரண்டும் காக்கைக்கும் கீரிக்கும் நாய்க்கும் முகவரி எழுதிக் கொடுப்பது மாதிரி. முட்டையை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் தாய் வராது. அடைகாப்பு 28 முதல் 30 நாள். சுற்றி உழுத ஈரமண் கறுத்துவிட்டால் நடுவில் விட்ட திட்டு தனியாகத் தெரியும். அதனால் ஒரு கலப்பை அகலம் மட்டும் விடாமல் பத்துப் பன்னிரண்டடி அகலத்துக்கு விடுங்கள். உச்சி வெயிலில் தாயை எழுப்பாதீர்கள். அது வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் நேரம் அது.

சொந்த வயலில் பறவைகளைப் படம் எடுக்கப் பச்சை நிழல்வலையில் மறைவிடம் போட்டேன். மூன்று நாளாக ஒன்றும் கிட்டே வரவில்லை. என்ன தப்பு?
– வாசகர், நீடாமங்கலம்

தை, மாசியில் போட்டீர்கள் என்றால் முதல் தப்பு நிறம். கார்த்திகையில் சம்பா பச்சை கட்டி நிற்கும்போதுகூட அந்தப் பிளாஸ்டிக் பச்சை எந்தப் பயிரிலும் இல்லை. அறுப்பு முடிந்த வயலில் சொல்லவே வேண்டாம். இரண்டாவது, ஒற்றை வலைக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் உள்ளே ஆள் அசைவது நிழற்கூத்து மாதிரி தெரியும். மூன்றாவதுதான் பெரிய தப்பு: வலை காற்றில் படபடக்கும். எந்த நிறமாக இருந்தாலும் அசைகிற துணியைப் பறவை நம்பாது.

பழைய சணல் சாக்கு போதும். நான்கடிக்கு நான்கடி, உயரம் நாலரை அடி. ஆறடி மூங்கில் நான்கு, ஒன்றரை அடி மண்ணுக்குள். பெரிய சாக்கைப் பிரித்தால் ஏறக்குறைய 16 சதுர அடி வரும். நான்கு பக்கமும் கூரையும் சேர்த்து 88 சதுர அடி. மடிப்புக்கும் சேர்த்து ஏழு சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கூரையை இரண்டு மடிப்பாகப் போட்டால் உள்ளே இருட்டாகும், இருட்டில் நீங்கள் தெரியமாட்டீர்கள். கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து அதற்குள் மணல் நிரப்புங்கள், நான்கு மூலைக்கும் கயிறு கட்டி முளையடியுங்கள். உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்தில், அதாவது இரண்டரை அடியில், லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவு. பெரிதாக வெட்டுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை.

பெட்டி மாதிரி நேரான விளிம்பு இயற்கையில் கிடையாது. கூரை ஓரத்திலும் மூலைகளிலும் கோரையும் வைக்கோலும் ஒழுங்கில்லாமல் செருகுங்கள். பச்சைத் தழை செருகினால் ஒரே நாளில் வாடிச் சுருண்டுவிடும், தினமும் மாற்ற வேண்டும். ஒரே நாளில் முழுதாக எழுப்பாதீர்கள். முதல் நாள் கம்பு, அடுத்த நாள் பாதிச் சாக்கு, மூன்றாம் நாள் மீதி. விடியுமுன் உள்ளே போய்விடுங்கள். விடிந்த பிறகு போவதென்றால் இரண்டு பேராகப் போய் ஒருவர் திரும்பி வரட்டும். பறவை கணக்குப் பார்ப்பதில்லை, ஆள் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்ளும்.

உள்ளே வெள்ளை வேட்டி வேண்டாம். முகமும் கையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மங்கிய துண்டால் மூடுங்கள், கடிகாரத்தைக் கழற்றுங்கள். ‘வெண்மை கூட்டும்’ சலவைத்தூளில் துவைத்த சட்டையும் வேண்டாம். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பல பறவைகளின் கண் உணரும். கூடு உள்ள மரத்துக்குக் கீழே இதைப் போடக் கூடாது. வடுவூர் போன்ற சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதுவும் நடக் கூடாது. இதே மறைவில் உட்கார்ந்து கொக்கு பிடிக்கலாமா என்று தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம்.

மாமரத்தில் முசுறுக் கூட்டத்தோடு ஒரு எறும்பு நூல் விட்டுத் தொங்கியது. எறும்பு நூல் விடுமா?
– வாசகர், திருவையாறு

விடாது. அது முசுறு வேஷம் போட்ட சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும், இடுப்பைக்கூட எறும்பு போல ஒடுக்கி வைத்திருக்கும். கால்களை எண்ணுங்கள், எட்டு இருக்கும். குருவிகளும் மற்ற சிலந்திகளும் முசுறுவைத் தொடப் பயப்படுவதால் இதையும் விட்டுவிடுகின்றன. முசுறுவிடமே மாட்டிக்கொண்டால் மட்டும் நூல் விட்டுக் குதித்துவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.